ஆளுக்கொரு மாவுக்கட்டு

எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பெயர் 'பசுமைக் குடும்பம்'. பசுமையும் கிடையாது, குடும்பமும் கிடையாது. விடிந்தால் ரோஜாப் பூவோடு ஒரு காலை வணக்கம், சாக்கடை அடைத்துக்கொண்டால் யார் வீட்டுக் குப்பை என்று ஒரு சண்டை, அவ்வளவுதான். அந்தக் குழுவில் செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு படம் வந்தது. நான் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன்.

ஒல்லியான ஒருவன், இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நிற்கிறான். வலது கையில் முழங்கைக்கு மேலிருந்து விரல்கள் வரை மாவுக்கட்டு. ஈரம் காயாத புதுக் கட்டு. தலையைத் தொங்கப் போட்டிருந்தான். கீழே செய்தி: 'பசுமலை ஆசிரியையிடம் தாலிக்கொடி பறித்த கொள்ளையன் கைது. தப்பி ஓட முயன்றபோது கழிவறையில் வழுக்கி விழுந்ததில் கை முறிவு.' தப்பித்து ஓடுகிறவன் எதற்காகக் கழிவறைக்குள் ஓடினான் என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டும் படங்களும் கண்ணீர் வரச் சிரிக்கும் படங்களும் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. 'அந்த பாத்ரூமுக்கு ஒரு கும்பிடு.' 'டைல்ஸ மட்டும் மாத்திராதீங்க சார்.' எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மீனா எழுதியிருந்தாள்: 'பாண்டீஸ்வரி அக்கா, இனி நிம்மதியாத் தூங்குங்க.'

அந்தப் பாண்டீஸ்வரி நான்தான். தாலிக்கொடியைப் பறிகொடுத்த ஆசிரியை.

பொய் சொல்லவில்லை, படத்தைப் பார்த்ததும் முதல் ஒரு நிமிடம் எனக்கும் இனிக்கத்தான் செய்தது. கழுத்தைச் சுற்றி இன்னும் சிவப்பாகக் கிடந்த காயத்தைத் தடவிக்கொண்டேன். அதன் மேல் மஞ்சள் கயிற்றில் கோத்த மஞ்சள் துண்டு உரசும்போதெல்லாம் எரியும். எரியட்டும், அவனுக்கும் எரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினேன். அப்போதுதான் காதோரம் இருந்த மச்சத்தையும் அந்தக் கட்டம் போட்ட கைலியையும் பார்த்தேன். டிபன் டப்பாவை மூடிவிட்டேன். அவன் எங்கள் தெருமுனையில் அப்துல் அலீம் பாய் கடையில் பரோட்டா போடும் நல்லகாமன்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை பொழுது சாய்ந்த நேரம். பஸ்ஸை விட்டு இறங்கி, பாய் கடையைத் தாண்டித் தெருவுக்குள் திரும்பினேன். கடையில் கூட்டம். கல்லுக்குப் பின்னால் நல்லகாமன் வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தான். தெருவுக்குள் பாதி தூரம் போயிருப்பேன். பைக்கில் ஒருவன் பக்கத்தில் வந்து நிறுத்தி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "யம்மா, இங்க கரண்டு ஆபீஸ்காரர் வீடு எது?" என்று கேட்டான். நாற்பது வயது இருக்கும். பருத்த முகம், கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு, வாயில் புகையிலை வாடை. நான் கையை நீட்டி வழி காட்டினேன். நீட்டிய கையை நான் இறக்குவதற்குள் கழுத்தில் அவன் கை இருந்தது. கொடி அறுபடவில்லை. அறுபடும்வரை இழுத்தான். என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனான். பிறகு நான் தரையில் கிடந்தேன். வாயில் மண். தெருமுனையில் கொத்துப் பரோட்டா போடும் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கடைக்கு ஒரே ஒரு மாஸ்டர்தான்.

அப்படியானால் நல்லகாமன் எப்படி என் கழுத்தில் கை வைத்திருக்க முடியும்?

சாயங்காலம் சிம்மக்கல்லில் இருக்கும் தன் கடையை அடைத்துவிட்டு என் வீட்டுக்காரர் அழகுராஜா வந்தார். கையில் அல்வாப் பொட்டலம். படம் அவருக்கும் வந்துவிட்டது.

"ஏங்க, அது இவன் இல்லங்க. பாய் கடைப் பையன்" என்றேன்.

"ராத்திரியானா கல்லுல நிக்கிறவன், பகல்ல என்ன பண்றான்னு நீ பாத்தியா?"

"என்னையப் பிடிச்சு இழுத்த அந்த நேரத்துல அவன் கொத்திக்கிட்டு இருந்தான். என் காதுல கேட்டுச்சு."

"விழுந்து கெடக்கும்போது காதுல ஆயிரம் சத்தம் கேக்கும். போலீஸ்காரன் என்ன முட்டாளா? பேசாம அல்வாவத் தின்னு."

போலீஸ்காரர் முட்டாள் இல்லை. அதை மறுநாள் நேரில் போய்த் தெரிந்துகொண்டேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு நான் மட்டும் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அவர் பிள்ளையும் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறானாம். டீ வரவழைத்தார். சிரித்த முகம், நல்ல சவரம், நெற்றியில் திருநீறு. நான் கற்பனை செய்துகொண்டு போன முரட்டு மீசை அவருக்கு இல்லாததே எனக்கு என்னவோ போல் இருந்தது.

"சார், நீங்க பிடிச்சு வச்சிருக்கிற ஆளு இல்ல. என் செயின அறுத்தவனுக்கு வயசு கூட. மூஞ்சியெல்லாம் தழும்பு. அன்னைக்கே சொன்னேனே."

"அதிர்ச்சியில அப்படித்தாம்மா இருக்கும். கேமராவுல வண்டி நம்பர் விழுந்திருக்கு. வண்டி இவன் பேர்ல இருக்கு. வித்துட்டேங்கிறான். பிடிபட்டவன் எல்லாரும் அதத்தான் சொல்லுவான்."

"கை எப்படி சார் ஒடிஞ்சது?"

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற ஏட்டும் சிரித்தார். "வழுக்கிருச்சும்மா" என்றார்.

நான் சிரிக்கவில்லை என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பொறுமையாக, பிள்ளைக்குப் பாடம் சொல்வது போலச் சொன்னார். "டீச்சர், நீங்க படிச்சவங்க. ஒங்களுக்குத் தெரியாததா? கோர்ட்டுல கேஸ் முடியிறதுக்குள்ள சாட்சி செத்துப் போயிருவான். அப்படியே தண்டனை கிடைச்சாலும் உள்ள போயி இன்னும் நாலு பேருகிட்டத் தொழில் கத்துக்கிட்டுத்தான் வெளிய வாரான். திருந்துறதாவது ஒண்ணாவது. இது அப்படி இல்ல. மழைக்காலத்துல வலிக்கும். வலிக்கிறப்பல்லாம் ஞாபகம் வரும். பாக்குறவனுக்கும் பயம் வரும். பொதுமக்களுக்கும் ஒரு திருப்தி. ஒங்க தெருவுல எம்புட்டு சந்தோசம், பாத்தீங்கள்ல?"

"ஆளு மாறிப் போச்சே சார்."

"ஆளு மாறுனாலும் பயம் வரத்தானம்மா செய்யும்" என்றார். கோபமே இல்லாமல், கணக்குக்கு விடை சொல்வது போலச் சொன்னார்.

அந்த டீயை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டேன். அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ஒரு தங்கச் செயின். முறுக்குச் செயின், பளபளவென்று. என்னுடையது பழைய மாடல் கொடி, புகாரில் எழுதிக் கொடுத்தது போல, தாலிக்குப் பக்கத்தில் ஒரு குண்டு நசுங்கியிருக்கும். என் மகள் குழந்தையாக இருந்தபோது கடித்து நசுக்கியது.

"இது என்னோடது இல்ல. தாலி எங்க?"

"தாலிய உருக்கிட்டானாம்மா. இத வச்சுக்கங்க. ஒங்களோடதவிட நல்லாவே இருக்கு, கொறைச்சல் இல்ல. அடையாள அணிவகுப்பு ஒண்ணு இருக்கு, ஜெயிலுக்குள்ள. மாஜிஸ்திரேட் ஐயா வருவாரு. நீங்க வந்து ஆளக் காட்டிட்டா மத்தத நாங்க பாத்துக்கிருவோம். கைலதான் கட்டு இருக்கே, கண்டுபிடிக்கிறது ஒண்ணும் கஷ்டம் இல்ல."

அந்தச் செயின் எந்தப் பெண்ணின் கழுத்தில் கிடந்ததோ, எந்த நகைக்கடைக்காரரை மிரட்டி வாங்கியதோ, எனக்குத் தெரியாது. உறையைத் தொட்ட விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டேதான் வெளியே வந்தேன்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரருக்குச் செயின் விஷயம் மட்டும்தான் காதில் விழுந்தது. "நல்லா இருக்குங்கிறாரா? அப்பறம் என்ன? புதுசாத் தாலி செஞ்சு அதுல கோத்துருவோம்" என்றார். இத்தனை வருஷம் இந்த மனிதர் தட்டில் மிச்சம் வைத்ததைச் சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் எச்சில் தட்டைக் கழுவவே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்துல் அலீம் பாய் வீட்டுக்கு வந்தார். பெரிய உடம்பு, வெள்ளைச் சட்டை. வாசற்படியைத் தாண்டவில்லை. உள்ளே வரச் சொல்லியும் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றபடியே பேசினார்.

"டீச்சரம்மா, அல்லா மேல ஆணையாச் சொல்றேன், அன்னைக்கு சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பின்னாடி கல்லுல ஏறுனவன் கடை சாத்துற வரைக்கும் எறங்கல. எங்க கடையிலயும் கேமரா இருக்கு. போலீஸ்காரவுக வந்து பெட்டியோட கழட்டிட்டுப் போயிட்டாக. கேட்டா விசாரணைங்கிறாக."

"அந்த வண்டி?"

"அத அவன் போன தையில வித்துட்டான். செக்கானூரணிச் சந்தையில ஒருத்தன் வாங்கியிருக்கான். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, 'பேர மாத்திக்கிறேன் மாப்ள'ன்னு அவன் சொன்னத நம்பி ஒரு டீயக் குடிச்சிட்டு வந்துட்டான் கிறுக்குப்பய. நம்ம ஊருல எவன்மா உடனே பேர மாத்துறான்? என் வண்டியே இன்னும் என் மச்சான் பேர்லதான் ஓடுது."

எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தேன். அதுவும் சிம்மக்கல்லில் ஒருவரிடம் வாங்கியது. இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது. அவர் எங்கே இருக்கிறாரோ, அவர் கை முழுசாக இருக்கிறதோ.

"நீங்க அவனக் காப்பாத்தணும்னு சொல்லல டீச்சரம்மா. பாத்ததச் சொல்லுங்க, அது போதும். அவனுக்கு வேற தொழில் தெரியாது. அந்தக் கைதான்" என்றார் பாய்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். "பாய், இது எங்க வீடு. ஒங்க ஆளு செஞ்சதுக்கு எங்க வீட்டுப் பொம்பளகிட்ட வந்து சிபாரிசா? கெளம்புங்க" என்றார். பாய் திரும்பிப் போனார். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அன்று மாலையே குழுவில் வந்தது: 'திருடனை வைத்து வேலை வாங்கும் கடையில் நம் குடும்பங்கள் சாப்பிட வேண்டுமா?' அதற்கும் கைதட்டு. மறுநாள் பாய் கடைப் பெயர்ப் பலகையில் யாரோ சாணியை அடித்திருந்தார்கள். இதை ராத்திரியோடு ராத்திரியாக யாரும் செய்யவில்லை, பட்டப்பகலில் செய்தார்கள். செய்தவர்களில் ஒருவர் ரிட்டையர்டு தாசில்தார்.

எனக்கு இந்த முகங்கள் புதிதல்ல. இருபது வருஷமாகக் கணக்கு வாத்தியார். ஒரு பையனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினால் அவன் முகத்தை நான் பார்ப்பதில்லை, உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத்தான் பார்ப்பேன். அத்தனை முகத்திலும் ஒரு பளபளப்பு ஏறும், எண்ணெய் தடவினது போல. அதிலும் வீட்டுக்கணக்குப் போடாமல் வந்து எப்படியோ தப்பித்துக்கொண்டவன் முகம்தான் எல்லாவற்றையும்விட மினுங்கும். அந்த வாரம் எட்டாம் வகுப்புக்குள் நுழைந்ததும் அழகுபாண்டி என்கிற பையன் எழுந்து, "டீச்சர், ஒங்க செயினத் தூக்குனவனுக்கு மாவுக்கட்டாம்ல? செம டீச்சர்!" என்றான். வகுப்பு முழுக்கக் கைதட்டியது. என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துத் தட்டினார்கள், பாவம். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பாவிட்டால் யாரையாவது அடித்திருப்பேன். அடித்திருந்தால் அதற்கும் மற்றவர்கள் மினுங்கியிருப்பார்கள்.

இதற்கு நடுவில் மீனா வந்தாள். இன்ஸ்பெக்டருக்குச் சங்கத்தின் சார்பில் பாராட்டு விழாவாம். அணிவகுப்பு முடிந்த மறுநாள், தெருவிலேயே சாமியானா போட்டு. பொன்னாடை, சந்தன மாலை, எல்லோருக்கும் கேசரி.

"அக்கா, பொன்னாடைய நீங்கதான் போத்தணும். பிளக்ஸுல ஒங்க போட்டோவும் போட்டாச்சு. கல்யாண வீட்டுல எடுத்தது, கழுத்து நெறைய நகையோட அழகா இருக்கீங்க."

"அவன் திருடல மீனா."

"ஐய, இருக்கட்டுமேக்கா. இவன் இல்லாட்டி இவனப் போல ஒருத்தன். ஒரு பயம் வேணும்ல? எங்க வீட்டுலயும் பொம்பளப் பிள்ளை இருக்கு" என்று சொல்லிவிட்டு, எங்கள் சமையலறையைப் பார்த்துக்கொண்டே, "கேசரிக்கு ரவை நீங்க தாரீங்களா?" என்று கேட்டாள்.

அணிவகுப்பன்று ஜெயில் வாசலில் என் வீட்டுக்காரர் என்னை இறக்கிவிட்டார். "கையக் காட்டிட்டு வந்துரு. வேற எதும் பேசாத" என்றார். வாசலில் கைதிகள் செய்த பிஸ்கட்டும் ரொட்டியும் விற்கிற கடையில் வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெரிய கதவு, சின்னக் கதவு, இன்னொரு கதவு. வெயில் காய்ந்த ஒரு முற்றத்தில் மாஜிஸ்திரேட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைஞர். போலீஸ்காரர் யாரையும் பக்கத்தில் விடவில்லை. என்னைப் பார்த்து, "பயப்படாமப் பாருங்கம்மா. யாரும் ஒங்களக் கட்டாயப்படுத்த முடியாது" என்றார். நல்லவராகத்தான் தெரிந்தார்.

வரிசையைப் பார்த்தேன்.

பத்துப் பதினைந்து பேர் சுவரோரமாக நின்றார்கள். எல்லோர் வலது கையிலும் கட்டு. முழங்கைக்கு மேலிருந்து விரல் வரை, ஒன்று போல வெள்ளை வெளேரென்று. வரிசை முழுக்க ஒடிந்த கைகள்.

இத்தனை பேரையுமா வழுக்க விட்டார்கள்? என் முகத்தைப் பார்த்துவிட்டு மாஜிஸ்திரேட் சொன்னார்: "ஒருத்தர் கையில மட்டும் கட்டு இருந்தா அது அடையாளம் ஆயிரும்லம்மா. அது நியாயம் இல்ல. அதான் எல்லாருக்கும் சுத்தச் சொன்னேன்."

நியாயம் என்ற சொல்லை அவர் உண்மையாகவே சொன்னார். அந்தக் கை எப்படி ஒடிந்தது என்று கேட்கத் தோன்றாதவருக்கு, மீதிக் கைகளுக்கெல்லாம் துணி சுற்றத் தோன்றியிருக்கிறது.

நடந்தேன். பாதிப் பேருக்கு இது விளையாட்டு. மாறுவேடப் போட்டிக்கு நிற்கும் பிள்ளைகளைப் போல ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கட்டுக்குள் விரலை விட்டுச் சொறிந்தான். இன்னொருவனுக்குக் கட்டு தளர்ந்து தொங்கியது, அதை முழங்காலில் அண்டக் கொடுத்துச் சரி செய்துகொண்டான். கடைசிக்கு முன்னால் நின்றவன் கையில் சுற்றியது துணி இல்லை. அழுக்கேறிய மாவுக்கட்டு, அதன் மேல் மற்றவர்களோடு ஒத்துப்போக ஒரு சுற்று வெள்ளைத் துணி. வெளியே தெரிந்த விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன. பக்கத்தில் போனதும் சீழ் வாடை அடித்தது. நல்லகாமன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்த விரல்கள் மாவு உருண்டையை எடுத்து விசிறுவதை எத்தனை தடவை நின்று பார்த்திருக்கிறேன். "டீச்சர், ஒங்களுக்கு எண்ணெ கம்மியாத்தான்" என்று கேட்காமலே சொல்லுவான்.

"இதுல ஒங்க செயினப் பறிச்சவர் இருக்காராம்மா?"

"இல்ல சார்."

இடம் மாற்றி நிறுத்திவிட்டு மறுபடி நடக்கச் சொன்னார்கள். மறுபடியும் இல்லை என்றேன். அப்படியே விட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை. "சார், அவர் இல்ல. ஆனா இதுல ஒருத்தர எனக்குத் தெரியும். எங்க தெருமுனையில பரோட்டா போடுறவரு. செயின் போன நேரத்துல கடையில நின்னவரு. அவரு கையப் பாருங்க சார். அழுகிப் போயிருக்கு."

"அம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார் மாஜிஸ்திரேட். குரலில் கடுமை இல்லை. "அணிவகுப்புல மத்தது எதையும் நான் பதிய முடியாது. 'இல்லை', அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்" என்றேன்.

நல்லகாமன் அப்போதும் நிமிரவில்லை. பக்கத்தில் நின்றவன் தன் கட்டை அவிழ்க்கலாமா என்று வார்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

வெளியே காத்திருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஊரு மொத்தமும் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். செயினும் போச்சு" என்றார். அதற்கப்புறம் பத்து நாளும் பேசவில்லை, எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

பாராட்டு விழா நிற்கவில்லை. கேசரிக்கு ரவை வாங்கியாயிற்று, சாமியானாவுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று, எப்படி நிறுத்துவார்கள்? பிளக்ஸில் என் முகத்தின் மேல் பிள்ளையார் படத்தை ஒட்டியிருந்தார்கள். கழுத்து நிறைய நகையோடு என் உடம்பு, மேலே பிள்ளையார் தலை. இன்ஸ்பெக்டர் பேசும்போது, "சாட்சிகள் தைரியமா முன்வந்தாத்தான் காவல்துறை உங்க நண்பனா இருக்க முடியும்" என்றார். எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். ஜன்னலைச் சாத்தினேன்.

நல்லகாமனுக்குப் பிறகு ஜாமீன் கிடைத்தது. அலீம் பாய்தான் வக்கீல் வைத்தார். கை கோணலாகக் கூடிவிட்டது என்றும், விரல் இரண்டு மடங்கவில்லை என்றும் கேள்விப்பட்டேன். கடையில் கல்லுக்கு வேறு மாஸ்டர் வந்துவிட்டார். நல்லகாமன் இலை போட்டு, சால்னா ஊற்றிக்கொண்டிருந்தான். கேஸ் மட்டும் அப்படியே இருந்தது. இன்னொருத்தன் பிடிபட்டால்தான் அது ஒழியும் என்று பாய் ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் என்னிடம் சொன்னார்.

பிடிபட்டான். ஆடி பிறந்த சமயம், ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. திண்டுக்கல் ரோட்டில் வேறொரு செயினை அறுக்கும்போது மாட்டியிருக்கிறான். பழைய வண்டி, செக்கானூரணிச் சந்தையில் வாங்கியதாம். அவன் வீட்டில் ஒரு பானைக்குள் தாலிகள் கிடந்ததாம், உருக்காமலே.

"ஒங்க தாலில ஒரு குண்டு நசுங்கியிருக்கும்னு சொன்னீங்கள்ல டீச்சர்? இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர், நேற்றுத்தான் பிரிந்த சிநேகிதரைப் போல. "திங்கக்கிழமை அணிவகுப்பு. இந்தத் தடவை சரியான ஆளு."

"கை?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "வழுக்கிருச்சும்மா."

போனை வைத்தபோது நல்லகாமன் ஞாபகம்தான் வந்தது. கேஸ் ஒழிந்தது, இனி அவன் பெயரில் ஒன்றும் இல்லை என்று என் வாயால் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மஞ்சள் கயிற்றை ஜாக்கெட்டுக்குள் தள்ளிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். அந்தக் கடைக்கு நான் போய் வெகுநாள் ஆகியிருந்தது. என்ன சொல்லித் தொடங்குவது, கையைப் பற்றிக் கேட்கலாமா கூடாதா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். சாணி அடித்த பலகையைக் கழுவி மறுபடி மாட்டியிருந்தார்கள். கூட்டம் பழையபடி. ரிட்டையர்டு தாசில்தார் ஒரு மூலையில் உட்கார்ந்து ஆம்லேட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நல்லகாமன் என்னைப் பார்த்ததும் சால்னா வாளியைக் கீழே வைத்தான். வலது கையை இடுப்போடு ஒட்டி வைத்திருந்தான், பொம்மைக் கை போல. நான் வாயைத் திறப்பதற்குள் இடது கையால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் முன்னால் நீட்டினான்.

"பாத்தீங்களா டீச்சர்?"

படத்தில் என் கொடியை அறுத்தவன். பருத்த முகம், அம்மைத் தழும்பு. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில், வலது கையில் ஈரம் காயாத புதுக் கட்டு. எங்கள் தெருக் குழு இல்லை, வேறு ஏதோ குழு. கீழே கைதட்டும் படங்கள். அந்த வரிசையில் நல்லகாமனும் ஒன்று போட்டிருந்தான்.

"ஒத்தக் கையோட விட்டுட்டாய்ங்க டீச்சர்" என்றான். "ரெண்டையும்ல ஒடிச்சிருக்கணும்."

அலீம் பாய் கல்லாவிலிருந்து சிரித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். "அடுத்தாப்ல கால் இருக்குல்ல, ஜெயிலுலயும் பாத்ரூம் இருக்கு" என்று தாசில்தார் மூலையிலிருந்து சொன்னார். அவரைப் பார்த்து நல்லகாமன் வாய் நிறையச் சிரித்தான். கடைப் பலகையில் சாணி அடித்த கை அந்தத் தாசில்தார் கை. அவன் முகத்தில் அதே பளபளப்பு, கடைசி பெஞ்சில் தப்பித்துக்கொண்டவன் முகத்தில் பார்ப்பேனே, அதே எண்ணெய்.

அவனுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு என்று மனசு சொன்னது. வயிறு கேட்கவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது. அவன் மேல் குமட்டவில்லை என்று சொன்னால் அது பொய்.

"ஒக்காருங்க டீச்சர், எண்ணெ கம்மியாப் போடச் சொல்றேன்" என்றான்.

"வேணாம்ப்பா. பசிக்கல" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குள் நடந்தேன். கொத்துப் பரோட்டாச் சத்தம் பின்னாலேயே வந்தது. திங்கட்கிழமை போக வேண்டும். அந்தத் தழும்புக்காரன்தான் ஆள், சந்தேகமே இல்லை, கையைக் காட்டத்தான் போகிறேன். ஜெயிலுக்குள் மற்றவர்களுக்குத் துணி சுற்ற ஆரம்பித்திருப்பார்கள்.